புதுப்பிப்பு: பைத்தானில் டைம்அவுட் 10 வைத்தும் கோரிக்கை தொங்கியது – தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இணையக் கோரிக்கை அனுப்ப உதவும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) 10 விநாடி கொடுத்தும் ஒரு அறிக்கையை இறக்க நிமிடக்கணக்கில் ஆகிறதே என்று கேட்டிருந்தேன். "அது மொத்த நேரம் இல்லை, தரவு வராமல் சும்மா இருக்கும் இடைவெளி" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. எதிர்முனைச் சர்வர் சில விநாடிக்கு ஒருமுறை துளித்துளியாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துளிக்கும் கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடும்.

இப்போது டைம்அவுட் (3.05, 10): முதலாவது இணைப்புக்கு, அடுத்தது வாசிப்புக்கு. ஸ்ட்ரீமை (பதிலை மொத்தமாக இறக்காமல் வரவர வாசிக்கும் வசதி) இயக்கி, சிறு துண்டுகளாக வாசித்து, மொத்தம் 60 விநாடி தாண்டினால் நிரலே இணைப்பை மூடிவிடும்.

எதிர்பாராதது ஒன்று: ஒரு டொமைனுக்குப் பல ஐபி முகவரிகள் இருந்தால் இணைப்பு டைம்அவுட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. அப்புறம், டொமைன் பெயருக்கு ஐபி முகவரியைத் தேடும் டிஎன்எஸ் நேரம் இந்தக் கணக்கிலேயே வராது.