ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கம்பஸா, ட்ரேட்டா?

ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் புதிதாகக் குடியேறும் குடும்பங்கள் முதல் வருடத்திலேயே கேட்கிற கேள்வி இது. பிள்ளை யூனிவர்சிட்டிக்குப் போவதா, எலக்ட்ரீசியன், பிளம்பர் என்று ஒரு ட்ரேட்டைப் பிடிப்பதா? நான் கட்டடங்களில் எலக்ட்ரீசியன், தங்கச்சி நேர்ஸ். இரண்டு வழியையும் ஒரே வீட்டுக்குள் பார்த்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். வேலை செய்ய அனுமதி உள்ளவர்களுக்கான பதிவு இது. ஸ்ரடி பேர்மிட்டில் இருப்பவர்களின் கதை வேறு, அவர்கள் குடிவரவு விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.

கம்பஸ் மேல் எங்கள் ஆட்களுக்கு இருக்கிற பற்று சும்மா வந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு மெடிசின் இடத்துக்கும் எஞ்சினியரிங் இடத்துக்கும் பட்ட பாட்டை அப்பா அம்மாவைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே இடம் கிடைத்தாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. இங்கே உள்ளே போக ஏதோ ஒரு இடம் கிடைத்துவிடும். படித்து முடித்து வெளியே வரும்போது எந்த வேலைக்கு உரிமை கிடைக்கிறது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். அதனால் எந்தப் படிப்பையும் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, இதன் முடிவில் கையில் என்ன லைசன்ஸ் இருக்கும் என்று.

தங்கச்சிக்கு அந்தப் பதில் தெளிவாக இருந்தது. ஒன்ராறியோவில் ஆர்.என். (ரெஜிஸ்டேர்ட் நேர்ஸ்) ஆகப் பதிய நான்கு வருடப் பட்டம் வேண்டும், ஆர்.பி.என். (ரெஜிஸ்டேர்ட் பிராக்டிகல் நேர்ஸ்) என்றால் இரண்டு வருட டிப்ளோமா போதும். ஆசிரியர், பார்மசிஸ்ட், பொறியியலாளர் எல்லாம் இப்படித்தான், பட்டம் இல்லாமல் கதவு திறக்காது. ஊரில் எஞ்சினியரிங் முடித்து வந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2023 மே முதல் இந்த மாகாணத்தில் பி.எங். என்ற பொறியியலாளர் லைசன்ஸுக்குக் கனடிய அனுபவம் கட்டாயம் இல்லை. மொத்தம் 48 மாத அனுபவம் காட்ட வேண்டும், அது வெளிநாட்டில் பெற்றதாகவும் இருக்கலாம். இப்படிப்பட்டவர் அந்தப் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேர்ஹவுஸுக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆனால் என்ன வேலை என்ற யோசனையே இல்லாமல், “ஒரு டிகிரி இருக்கட்டும்” என்று நான்கு வருடமும் கடனும் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு ட்ரேட் நல்ல வழி.

இனி ட்ரேட் விஷயம். புதிதாக வந்தவர்கள் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்வது இதைத்தான். அப்ரண்டிஸ்ஷிப் என்பது முதலில் வேலை, பிறகுதான் படிப்பு. உங்களை எடுத்துப் பழக்க ஒரு முதலாளி அல்லது யூனியன் ஸ்பொன்சராக வர வேண்டும். அதன்பின் மாகாணத்தோடு பயிற்சி ஒப்பந்தம் பதிவாகும், பொறுப்பான அமைப்பு ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ. என்னுடைய 309ஏ ட்ரேட்டை (கட்டட, பராமரிப்பு எலக்ட்ரீசியன்) எடுத்தால் மொத்தம் 9,000 மணித்தியாலம், ஏறக்குறைய ஐந்து வருடம். அதில் 8,160 மணித்தியாலம் சைட்டில் சம்பளத்தோடு. மீதி 840 மட்டும்தான் வகுப்பறை, அதையும் மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்புக்குப் போகும் கிழமைகளில் தகுதி இருந்தால் ஈ.ஐ. (வேலையில்லாக் காலக் காப்புறுதி) எடுக்கலாம். தொடக்கச் சம்பளம் ஜேர்னிமேன் (பயிற்சி முடித்துத் தகுதி பெற்றவர்) பெறுவதில் பாதியளவோ அதற்குக் கீழோதான் இருக்கும், ஒவ்வொரு கட்டமும் முடிய ஏறும். கடைசியில் சோதனை, 70 வீதம் எடுக்க வேண்டும். பாஸானால் மற்ற மாகாணங்களும் ஏற்கும் ரெட் சீல் முத்திரையோடு அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா எங்கு போனாலும் செல்லும்.

இந்த முறை தெரியாததால்தான் சிலர் ஏதோ ஒரு தனியார் கல்லூரிக்கு ஆயிரக்கணக்கில் கட்டி “எலக்ட்ரிக்கல் டிப்ளோமா” எடுத்துவிட்டு, ஒரு மணித்தியாலம்கூடக் கணக்கில் ஏறாமல் நிற்கிறார்கள். காசு கட்டுவதற்கு முன் ஸ்பொன்சரைத் தேடுங்கள். ரொறன்ரோவில் எலக்ட்ரீசியன்களுக்கு ஐ.பி.ஈ.டபிள்யூ. லோக்கல் 353 யூனியன் இருக்கிறது, பிளம்பர்களுக்கு யு.ஏ. லோக்கல் 46, ஸ்காபரோவிலேயே வார்டன் அவெனியூவில். அவர்கள் ஆள் எடுக்கும் காலத்தைக் கவனித்து விண்ணப்பியுங்கள், கிரேட் 12 கணிதத்தைத் தூசு தட்டி வையுங்கள்.

எங்கள் ஆட்களிடமே வேலைக்குப் போவோருக்கு இன்னொன்று. கைக்காசுக்கு வேலை செய்யாதீர்கள். அண்ணா முறையானவர், ஊர்க்காரர், பரவாயில்லை என்று இரண்டு மூன்று வருடம் வயர் இழுத்த பெடியன்களை எனக்குத் தெரியும். பே ஸ்டப் இல்லை, பதிவு இல்லை. அந்த உழைப்பை நிரூபிக்க அவர்களிடம் எதுவுமே இல்லை. சேரும் நாளிலேயே “அண்ணா, என்னை அப்ரண்டிஸாகப் பதிவீர்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்கு சைட்டில் நிற்க வேண்டும், ஜனவரியிலும். கூரை மூடாத கட்டடத்தில் மைனஸ் பதினைந்தில் கை விறைக்கும். வேலை குறைந்தால் லேஓவ் வரும், அதாவது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முழங்காலும் தோளும் நாற்பது தாண்ட மெல்லப் பேசத் தொடங்கும். அதனால்தான் பலர் அதற்குள் மாஸ்டர் எலக்ட்ரீசியன் லைசன்ஸ் எடுத்து சொந்தமாகக் கொன்ட்ராக்ட் தொடங்குகிறார்கள், அல்லது எஸ்டிமேட்டிங், இன்ஸ்பெக்ஷன் பக்கம் போகிறார்கள். சேர்டிபிகேட் கிடைத்து மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு மாஸ்டர் சோதனைக்குப் போகலாம்.

கீழே கொமென்ட்டில் கேட்ட இரண்டு பேருக்கும் பதில்.

கட்டாரில் எட்டு வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தேன், இங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்ட தம்பிக்கு: நீங்கள் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. ட்ரேட் ஈக்குவலன்சி அசெஸ்மென்ட் என்று, பழைய அனுபவத்தை மதிப்பிடும் முறை ஒன்று இருக்கிறது. பழைய கம்பெனிகளிடம் லெட்டர்ஹெட்டில், எந்தக் காலம், என்னென்ன வேலை என்று விபரமாகக் கடிதம் எடுங்கள். ஏற்றுக்கொண்டால் நேரே சோதனை எழுதலாம். ஆனால் அவசரப்பட்டு எழுதாதீர்கள். கல்சுவரை வெட்டிக் குழாய் புதைத்து 230 வோல்ட் வயரிங் செய்து பழகிய கை எங்களுடையது. இங்கே மரச்சட்டத்தைத் துளைத்துக் கேபிள் இழுக்கிறார்கள், 120/240 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். கேள்விகள் கோட் புத்தகத்திலிருந்து (மின்வேலை விதிப் புத்தகம்) வரும், எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று கண் தானாகப் போகும் வரை புரட்டுங்கள்.

மகன் கிரேட் 10 படிக்கிறான் என்ற அக்காவுக்கு: பள்ளிக்கூட கைடன்ஸ் கவுன்சிலரிடம் ஓ.வை.ஏ.பி. (ஒன்ராறியோ யூத் அப்ரண்டிஸ்ஷிப் புரோகிராம்) பற்றிக் கேளுங்கள். கிரேட் 11, 12 இல் படித்துக்கொண்டே ட்ரேட்டில் அனுபவம் எடுக்கலாம், சில மாணவர்கள் அப்போதே அப்ரண்டிஸாகவும் பதிகிறார்கள். கணிதத்தையும் பௌதிகத்தையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அவன் எஞ்சினியரிங் போக விரும்பினாலும் அந்தப் பாடங்கள் வேண்டும். மகள் இருந்தால் அவளையும் அழைத்துக்கொண்டு போங்கள், என் சைட்டில் பெண்களும் இருக்கிறார்கள், நல்ல வேலைக்காரர்கள்.

கட்டட வேலை தேடுபவர்கள் ஜி டிரைவிங் லைசன்ஸ், ஸ்டீல் டோ பூட்ஸ், “வேர்க்கிங் அட் ஹைட்ஸ்” என்ற உயரத்தில் வேலை செய்யும் பாதுகாப்புப் பயிற்சி மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு போன் எடுங்கள். அந்தப் பயிற்சி ஒரு நாள்தான், மூன்று வருடம் செல்லும். எந்த ட்ரேட், எந்த நகரம், ஊரில் என்ன அனுபவம் என்று எழுதினால் வேலை முடிந்து வந்து பின்னேரங்களில் பதில் போடுகிறேன்.