சட்டக் கல்லூரிக்கு முன் எந்தப் பட்டம் படிக்கலாம்?

கேள்வி – கோபி மாணவி

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஒரு பட்டம் பெற்றபின் மூன்றாண்டு எல்.எல்.பி. சேர விரும்புகிறேன். பி.காம். படிக்கச் சொல்கிறார் அப்பா. எனக்கு ஆங்கில இலக்கியத்தில்தான் நாட்டம். சேர்க்கையின்போது பாடத்தைப் பார்ப்பார்களா? தொழிலுக்கு எது துணை நிற்கும்?

பதில் – திருப்பூர் வழக்கறிஞர்

அம்மணி, இன்ன பாடம்தான் படித்திருக்க வேண்டும் என்று, சட்டக் கல்விக்கு விதிமுறை வகுக்கும் இந்திய பார் கவுன்சில் விதிக்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டமும் போதும், பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆனால் நம் அரசு சட்டக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறார்கள் என்பதால், மனம் ஒட்டாத பாடத்தை எடுத்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டால் கோவையில் இடம் கிடைப்பது அரிதாகிவிடும்.

அப்பா சொல்வதிலும் நியாயம் உண்டு. இங்கே என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பலர் திரும்பி வந்த காசோலையோடு பில் கட்டு, டெலிவரி சலான், பேரேட்டு நகல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். காசோலை திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள், அதைக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அதற்குள் உண்மையான பாக்கி எவ்வளவு என்று அந்தக் கணக்கிலிருந்து கண்டுபிடிக்க பி.காம். படித்தவருக்கு எளிதாக வரும். இருந்தாலும், கணக்கை சீனியரிடம் இருந்து ஓராண்டில் பழகிக்கொள்ளலாம். நீண்ட தீர்ப்பை அலுப்பில்லாமல் படித்து, வாதம் எங்கே திரும்புகிறது என்று பிடிக்கும் பழக்கம் அவ்வளவு விரைவில் வராது. நான் இலக்கியத்தின் பக்கம்தான்.

பதில் – கோவை வாசகர்

அறிவியல் பிரிவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: கண்டுபிடிப்பாளர்கள் சார்பில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் காப்புரிமை முகவர் ஆவதற்கான தேர்வு எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும். பம்பும் மோட்டாரும் செய்யும் ஊரில் அந்தத் தகுதிக்கு மதிப்புண்டு.

பதில் – பவானி, ஓய்வுபெற்ற ஆசிரியை

இலக்கியமே எடுத்துக்கொள் கண்ணு, ஆனால் தமிழை விட்டுவிடாதே. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் என்றாலும், கோபியிலும் பவானியிலும் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ்தான். வாய்க்கால் பாத்தியதைக்கும் வண்டித்தடத்துக்கும் பிராது எழுதும்போது நான்கு எல்லையையும் பிழையின்றித் தமிழில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் முதல் மொழியாகத் தமிழையே எடு.