கிளாஸ் பெட்டிங்: நீங்க எதைத் தடவினீங்க, எப்படிக் கழன்றது?

நொய்யல்கரை:
இன்னும் மனசுல அரிச்சுட்டே இருக்குதுங்க, அதான் எழுதறேன். என்ற .22 போல்ட் ஆக்சனை லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடைல பெட்டிங்குக்குக் குடுத்திருந்தேன், அதாவது மர ஸ்டாக்குக்கும் இரும்புக்கும் நடுவுல எப்பாக்சி பசை போட்டு அச்சாப் பொருத்தறது. எப்பாக்சி இரும்புல ஒட்டாம இருக்க அந்த அண்ணன் தடவினது நியூட்ரல் ஷூ பாலிஷ். பூசி, காயவிட்டு, பளபளன்னு தேச்சு, மறுக்கா பூசினாரு. மறுநாள் ஸ்குரூவைக் கழட்டிட்டு பேரலைப் புடிச்சா அசையவே இல்ல. ரப்பர் சுத்தி போட்டும் அசையல. கடைல ஒருத்தரும் பேசலீங்க. அப்புறம் ஹீட் கன்னை ரிசீவர் (போல்ட் ஓடற இரும்புக் கூடு) மேல கொஞ்ச நேரம் காட்டிட்டுத் தட்டினாரு. 'டக்'னு ஒரே சத்தம்! ஸ்டாக் பொளந்துடுச்சுன்னே நெனச்சுட்டேன். பொளக்கல, கழண்டு வந்துருச்சு. எப்பாக்சில கடைசல் கோடு வரைக்கும் அச்சா விழுந்திருக்குது. ஆனா ஸ்குரூ ஓட்டைக்குள்ள சுண்டுவிரல் மொத்தத்துக்கு ஒரு எப்பாக்சி முளை. பாலிஷ் சரியில்லையா, வேற ஏதாவதா?

கணபதிபேட்டர்ன்:
பாலிஷ் மேல பழி போடாதீங்க. முளைன்னு நீங்களே சொல்லிட்டீங்களே, அதுதான் புடிச்சிருக்குது. ரிலீஸ் ஏஜென்ட், அதாவது பாலிஷ், வேக்ஸ் மாதிரி தடவறது, ஒட்டறதைத்தான் தடுக்கும். ஓட்டைக்குள்ள போய்ப் பூட்டிக்கிட்டா எத்தனை கோட்டிங் போட்டாலும் வராது. பம்ப் பாடிக்கு ஃபைபர் மோல்டு எடுக்கறவங்க நாங்க, தினமும் இதே ரோதனைதான். ஒருக்கா புதுசா வந்த பையன் பாலிவினைல் ஆல்கஹால் காயறதுக்கு முன்னாடியே ரெசினை ஊத்திட்டான். மோல்டை உளி வெச்சு உடைச்சோம். முதலாளி பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தாரு.

இனி பண்றப்ப இப்படிப் பண்ணச் சொல்லுங்க. ஓட்டை, திருகு மரை, டிரிக்கர் பள்ளம் எல்லாத்தையும் பிளாஸ்டிசின் (பசங்க உருட்டி விளையாடற களிமண்) வெச்சு அடைச்சு, மட்டமா வழிச்சு விடோணும். ரீகாயில் லக் (சுடறப்ப வர்ற உதைப்பை ஸ்டாக்குல தாங்கற இரும்புக் கட்டை) இருக்கற ரைஃபிள்னா லக்கோட முன்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, அடிப்பக்கம் இத்தனைக்கும் டேப் ஒட்டோணும். பின்முகத்துல மட்டும் ஒட்டக்கூடாது, அதுதான் எப்பாக்சில பொருந்தி நிக்கோணும். அதுக்கு மேல வேக்ஸ். கார்னாபா கலந்த வேக்ஸ்னா நல்லது, கார்னாபா உருகறதுக்கு 80 டிகிரிக்கு மேல வேணும். பூசி, மங்கினதும் பனியன் வேஸ்ட்டுல தேய்ங்க. பயமா இருந்தா வேக்ஸுக்கு மேல பாலிவினைல் ஆல்கஹால் ஒரு பூச்சு. காஞ்சா தோல் மாதிரி இருக்கும், வேலை முடிஞ்சதும் தண்ணி ஊத்துனா கரைஞ்சு போயிரும். ஆக்சன் ஸ்குரூவுக்கும் மெழுகு தடவுங்க, அதை எல்லாரும் மறந்துருவாங்க. நம்மூர் சித்திரை வெயில்ல மதியானம் எப்பாக்சி கலக்காதீங்க, வழிச்சு முடிக்கறதுக்குள்ள இறுகிரும்.

சென்னிமலைக்காரன்:
என்றது .177 ஏர் ரைஃபிள்தானுங்க. மச்சான் 'சென்ட்ரிங் பலகைக்கே எண்ணெய்தான்டா பூசறோம்'னு சொல்லிட்டு தேங்காய் எண்ணெயைத் தாராளமா ஊத்தித் தடவுனாரு. கழட்டறப்ப சுலபமா வந்துச்சு. பாத்தா எப்பாக்சி மொத்தமும் டியூபோடவே வந்துருக்குது! மரத்துல துளி கூட ஒட்டல, எண்ணெயை மரம் குடிச்சுருச்சு. ஸ்டாக்கை மோந்து பாத்தா இப்பவும் தேங்காய் வாசம். மச்சான் மட்டும் 'கழண்டுச்சா இல்லையா'ன்னு இன்னிக்கும் ஜெயிச்ச மாதிரிதான் பேசறாரு.

ஊத்துக்குளியான்:
சென்னிமலைத் தம்பி, ஏர் ரைஃபிளுக்குப் பெட்டிங் எதுக்கு? ஸ்டாக் ஸ்குரூவை ஒழுங்கா முறுக்குனாலே பாதிப் பிரச்சினை போயிரும்.

கணபதி அண்ணன் சொன்னதுல ஒண்ணு ஒத்துக்க மாட்டேன். டேப் ஒட்டுனா அந்த டேப் கனத்துக்கு இடைவெளி நிக்குமே? அவசரத்துக்கு சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கறவங்களும் இருக்காங்க, அது மட்டும் வேண்டவே வேண்டாம். எங்க கூட்டாளி அடிச்ச ஸ்ப்ரே காத்துல பறந்து, அடுத்த மேசைல இருந்த ஸ்டாக் மேல படிஞ்சுருச்சு. வார்னிஷ் அடிச்சா அம்மைத் தழும்பாட்டம் குழி குழியா விலகுது. மறுபடி உரசி எடுக்க வேண்டியதாப் போச்சு.

இன்னொண்ணு, இதைப் படிச்சுட்டு யாராச்சும் லைசென்ஸ் ரைஃபிளை வீட்டுல பிரிச்சுப் போட்டுராதீங்க. 1959 ஆயுதச் சட்டம் ரிப்பேர் தொழிலுக்கே தனி லைசென்ஸ் கேக்குது. கடைல குடுத்த நொய்யல்கரை பண்ணதுதான் சரி.

கணபதிபேட்டர்ன்:
அந்த இடைவெளி நிக்கோணும்னுதான் டேப்பே ஒட்டறது ஊத்துக்குளி. லக் பின்முகத்துல மட்டும் தாங்குனாப் போதும், மத்த பக்கம் முட்டக்கூடாது.

நொய்யல்கரை:
கடைக்குப் போய்க் கேட்டுட்டேனுங்க. பின் ஸ்குரூ ஓட்டைல பிளாஸ்டிசின் வெச்சிருக்காரு, முன்னாடி ஓட்டைல வெக்கல. 'பாலிஷ் போதும்னு நெனச்சேன்'னு சொல்றாரு. முளையை நறுக்கி எடுத்துட்டு, ஓட்டையைக் கொஞ்சம் பெருசாத் துளைச்சுத் தர்றேன்னாரு. வேலைக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, நான்தான் டீக்குச் சொன்னேன்.