போலி உதிரிகள் பற்றி ஒரு விதி எழுத உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய அறிவியல் புனைகதை பொம்மைகளைச் சேகரிப்பவர்களுக்காக எங்கள் வட்டாரத்தில் ஒரு சிறிய சங்கம் நடத்துகிறோம். பொம்மைகளைக் கைமாற்றிக்கொள்ளும் அடுத்த சந்திப்புக்குள் போலி உதிரிகள் பற்றித் தெளிவான விதி ஒன்றை எழுதிவிட வேண்டும்.

பெரிய தலைவலி, 1978 முதல் கென்னர் நிறுவனம் விற்ற மூன்றேமுக்கால் அங்குல ஸ்டார் வார்ஸ் பொம்மைகள்தான். பொம்மை அசலாக இருக்கும்; கையிலுள்ள குட்டித் துப்பாக்கியோ வாளோ புதிதாக வார்த்ததாக இருக்கும். குழந்தைகள் எளிதில் தொலைத்தது அதைத்தான் என்பதால் இப்போது மதிப்பும் அதற்குத்தான். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் நம்ப முடியாது. அசலிலும் மூழ்குபவை உண்டு. மாற்று உதிரி வைத்திருப்பதில் எனக்கு மறுப்பே இல்லை, சொல்லாமல் கைமாற்றுவதுதான் தவறு. புதிதாகச் சேரும் இளைஞர்கள் ஒருமுறை ஏமாந்தால் திரும்ப வருவதில்லை, அதுதான் வருத்தம்.

உங்கள் சங்கங்களில் மாற்று உதிரிக்குச் சீட்டு ஒட்டச் சொல்கிறீர்களா? யார் சோதிக்கிறார்கள்? பிறகு போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம்?

அப்புறம் இன்னொன்று. 1960களின் ஜப்பான் தகர ரோபோக்களில் பேட்டரி கசிந்து அரித்த இடத்தை, மேலே அச்சிட்ட வண்ணம் கெடாமல் சுத்தம் செய்தவர்கள் முறையைச் சொல்லுங்கள். விதித்தாள் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். உறுப்பினர்களோடு பேசித்தான் எங்களுடையதை முடிவு செய்வோம்.