126 மி.மீ. சைக்கிள் ஃபிரேமில் 130 மி.மீ. ஹப் பொருந்துமா?

கேள்வி: பழைய ஸ்டீல் சைக்கிள் ஃபிரேம், பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மி.மீ. கையிலிருக்கும் சக்கரத்தின் ஹப்போ (நடுப்பகுதி) 130. கையால் கொஞ்சம் விரித்தால் உள்ளே போய்விடுகிறது, ஆனால் பஞ்சருக்குக் கழற்றும்போதெல்லாம் இப்படியே மல்லுக்கட்ட வேண்டுமா?

பதில் 1: ஸ்டீல் என்றால் பயமில்லை, பக்கத்துக்கு 2 மி.மீ. தானே, அப்படியே ஓட்டலாம். அலுமினியம், கார்பன் என்றால் தொடவே கூடாது, விரிசல் விடலாம்.

பதில் 2: நிரந்தரமாக வளைத்துவிடுவதே நல்லது. இரண்டு பக்கமும் சமமாக விரிந்திருக்கிறதா என்று ஹெட் டியூபை (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாய்) சுற்றி இரண்டு டிராப்அவுட்டுக்கும் (பின்சக்கர அச்சு உட்காரும் பிளவுகள்) நூல் கட்டி, சீட் டியூபுக்கு (சீட்டுக்குக் கீழே உள்ள குழாய்) இருபுறமும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அப்புறம் டிராப்அவுட்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கோணலாக இருந்தால் ஆக்சில் (அச்சு) வளையும், கியரும் சரியாக விழாது.

கேட்டவர்: காந்தம் ஒட்டுகிறது, ஸ்டீல்தான். முதலில் நூல் கட்டிப் பார்க்கிறேன், நன்றி.