ஏழு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள்: எங்கே தேடுவது, எவ்வளவு கொடுப்பது?

மேடவாக்கம் வாசகி:
வணக்கம். பேறுகால விடுப்பு முடிந்து, அடுத்த மாதம் நான் சோழிங்கநல்லூரில் உள்ள அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார், ஆனால் முழங்கால் வலியால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க அவரால் இயலாது. எனவே திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை மகனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேடுகிறோம். ஓர் ஏஜென்ஸி மாதம் 18,000 ரூபாய் சம்பளமும், அதே தொகையை ஒருமுறை கமிஷனாகவும் கேட்கிறது. எங்கள் அடுக்ககத்தில் வேலை செய்யும் அக்காவோ தம் நாத்தனாரை 13,000 ரூபாய்க்கு அனுப்புவதாகச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? நாங்கள் ஊருக்குப் போகும் நாள்களுக்குச் சம்பளம் பிடிக்கலாமா?

இரண்டு பிள்ளைகளின் தாய், பள்ளிக்கரணை:
தெரிந்தவர் வழியாக வருபவரையே முதலில் பாருங்கள். பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பிலிருந்து இப்பகுதி அடுக்ககங்களுக்கு நிறையப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் விசாரிப்பது அங்கே எளிது. அவர் முன்பு வேலை செய்த வீட்டாரிடம் பேசும்போது, "நல்லவரா?" என்று கேட்டால் "நல்லவர்தான்" என்ற பதிலே வரும், அதைவிட, சொல்லாமல் எத்தனை நாள் வராமல் இருந்தார், கடைசியில் ஏன் வேலையை விட்டார் என்று கேளுங்கள். ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, காவல்துறையின் இணையதளத்தில் சரிபார்ப்புக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

உங்கள் விடுப்பு முடிவதற்கு முன்பே இரண்டு வாரம் சம்பளத்துடன் அவரை வரச்சொல்லி, நீங்களும் வீட்டில் இருந்து கவனியுங்கள். ராகிக் கூழ் ஊட்டும்போது குழந்தை முகத்தைத் திருப்பினால் நிறுத்துகிறாரா, அல்லது கன்னத்தைப் பிடித்து அடுத்த கரண்டியைத் திணிக்கிறாரா என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மாமியார் வீட்டில் இருப்பது எந்தக் கேமராவையும்விடப் பெரிய பாதுகாப்பு. ஆனால் குழந்தை விஷயத்தில் யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதை முதல் நாளே தெளிவுபடுத்தாவிட்டால், இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் மாட்டிக்கொள்வார்.

ஊதியக் கணக்கு எழுதுபவர்:
நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 220 மணி நேரம். 13,000 ரூபாயை அதனால் வகுத்தால் மணிக்கு 59 ரூபாய்தான் வருகிறது. 18,000 என்றால் ஏறத்தாழ 82 ரூபாய். தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டுவேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தபோது மணிக்கு 37 ரூபாய் என்ற அளவில் தொடங்கியதைக் காட்டி, இதுவே போதும் என்று சிலர் இன்றும் வாதிடுவார்கள். அது அடித்தளமே ஒழிய, கைக்குழந்தையை நாள் முழுக்க ஒப்படைப்பதற்கான விலை அன்று. என்னைக் கேட்டால், 15,000இல் தொடங்கி ஆறு மாதம் கழித்து உயர்த்தித் தருவதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் ஊருக்குப் போகும் நாள்களுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். அந்த நாள்களில் அவருக்கு வேறு வீட்டில் வேலை கிடைத்துவிடாது. அவருக்கு மாதம் இரண்டு நாள் சம்பளத்துடன் விடுப்பு, தீபாவளிக்கு ஒரு மாதப் போனஸ், ஆறரைக்கு மேல் தங்கினால் தனித்தொகை ஆகியவற்றைப் பேசி ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அட்வான்ஸ் கேட்டால், மாதம் எவ்வளவு கழிப்பது என்பதையும் அதே தாளில் சேருங்கள். குழந்தையின் துணி, பால் பாட்டில், கூழ்க் கிண்ணம் வரை அவர் பொறுப்பு. வீட்டுப் பாத்திரமும் துணியும் அவர் தலையில் ஏறினால் குழந்தை தொட்டிலில் அழுதுகொண்டிருக்கும். சம்பளத்தை யார் கணக்குக்கு அனுப்புவது என்று அவரிடமே தனியாகக் கேளுங்கள்; கணவரின் எண்ணைக் கொடுக்கச் சொல்லி வீட்டில் வற்புறுத்தியிருக்கலாம்.

ஏஜென்ஸி வழி ஆள் வைத்தவர், வேளச்சேரி:
ஏஜென்ஸியை முற்றாக ஒதுக்கிவிட வேண்டாம். ஆள் திடீரென்று நின்றுவிட்டால் மாற்று ஆள் தருவார்கள் என்பதற்காகத்தான் அந்தக் கமிஷன். ஆனால் எத்தனை முறை, எத்தனை மாதத்துக்குள் தருவார்கள், 18,000இல் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். "ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண் வருவாள்" என்றால் உடனே மறுத்துவிடுங்கள். 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம். இன்னொன்று, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் சட்டம் சொல்கிறது. உங்கள் மனிதவளத் துறையிடம் கேட்டுப்பாருங்கள்.

மேடவாக்கம் வாசகி:
மிக்க நன்றி. அக்காவின் நாத்தனாரையே 15,000 ரூபாய்க்குப் பேசி, திங்கள்கிழமை முதல் வரச்சொல்லியிருக்கிறோம். போக்குவரத்துச் செலவும் நாங்கள் தர வேண்டுமா?

ஊதியக் கணக்கு எழுதுபவர்:
மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், வழக்கமான நாள்களில் தேவைப்படாது. உங்கள் கூட்டம் நீண்டு, அவரை இரவு எட்டு மணி வரை நிறுத்திவைக்கும் நாளில் ஆட்டோ காசை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.