சீலிங்கை ஒட்டிய புரொஜெக்டர் மவுண்ட்: தேர்ந்தெடுத்தவர்களின் அனுபவங்கள்

கிருஷ்ணகிரி, பழையபேட்டையிலிருந்து:

வீட்டில் புரொஜெக்டர் பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் சீலிங்கை ஒட்டி நிற்கும் குட்டை மவுண்டைத்தான் (புரொஜெக்டரைத் தாங்கும் பிடி) விரும்புகிறார்கள். எங்கள் வீட்டிலும் அதே விருப்பம்தான், ஏனென்றால் நீள மவுண்ட் வைத்தால் அறையின் நடுவே ஒரு குழாய் தொங்கும், அது யாருக்கும் பிடிக்காது. கடையில் கேட்டால் எத்தனை கிலோ தாங்கும், என்ன விலை என்ற இரண்டு விவரங்கள்தான் கிடைக்கின்றன. ஆனால் படம் சுவரில் எந்த உயரத்தில் விழும் என்பதை முடிவு செய்வது மவுண்டின் நீளம்தான். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் சீலிங் ஒன்பதரை அடி, அதாவது ஏறத்தாழ 290 செ.மீ. குட்டை மவுண்டில் மாட்டினால் லென்ஸின் நடுப்பகுதி 15 செ.மீ. கீழே, தரையிலிருந்து 275 செ.மீ. உயரத்தில் நிற்கும். தலைகீழாகத் தொங்கும் பல புரொஜெக்டர்களில் படத்தின் மேல் விளிம்பு லென்ஸின் மட்டத்திலேயே தொடங்குவதில்லை. மாடலுக்கு ஏற்ப ஓரளவு கீழே இறங்கித்தான் தொடங்கும். கையேட்டில் ஆஃப்செட் என்ற பெயரில் இதைக் குறிப்பிட்டிருப்பார்கள். நாங்கள் பார்த்து வைத்திருந்த மாடலில் அந்த இறக்கம் படத்தின் உயரத்தில் 10 சதவீதம். 16:9 விகிதமுள்ள 100 இஞ்ச் திரையின் அகலம் 221 செ.மீ., உயரம் 124.5 செ.மீ. என்பதால், மேல் விளிம்பு 262.5 செ.மீ. உயரத்திலும் கீழ் விளிம்பு 138 செ.மீ. உயரத்திலும் விழும். சோஃபாவில் சாய்ந்து உட்காருபவரின் கண் மட்டம் 100 முதல் 110 செ.மீ. வரைதான் இருக்கும், பாய் விரித்து உட்காரும் பிள்ளைகளுக்கு அதைவிடவும் தாழ்வு. அந்த 138 செ.மீ. கோட்டைப் பார்த்ததும், தேர் பார்ப்பது போல் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்குமே என்று அப்பா சொல்லிவிட்டார்.

மவுண்டைச் சற்றுக் குனியவிட்டு, கீஸ்டோன் திருத்தத்தைப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள். செய்யலாம்தான், ஆனால் குனியவிட்ட புரொஜெக்டர் படத்தைச் சரிவகமாகத்தான் வீசும், கீஸ்டோன் அந்தப் படத்தை உள்ளுக்குள் சுருக்கி நேராக்குகிறது. அதனால் எல்லாப் பிக்சல்களும் பயன்படுவதில்லை. எழுத்தின் ஓரம் மழுங்குவதைச் சப்டைட்டிலில் உடனே பார்க்கலாம். இருட்டு அறையில் படத்தைச் சுற்றி மங்கிய சாம்பல் வெளிச்சம் ஒன்றும் எஞ்சி நிற்கும். இவ்வளவு செலவழித்து வாங்கிய தெளிவை அப்படி விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

லென்ஸ் ஷிஃப்ட், அதாவது புரொஜெக்டரைக் குனியவிடாமலே படத்தை மேலும் கீழும் நகர்த்தும் வசதி, இருக்கும் மாடல் வாங்கினால் போதும் என்று வேறொரு நண்பர் சொன்னார். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செங்குத்தாக 60 சதவீதம் ஷிஃப்ட் என்று போட்டிருந்தால், பல மாடல்களில் அது படத்தின் நடுப்புள்ளியிலிருந்து அளக்கப்பட்ட எண். லென்ஸின் மட்டத்துக்குப் படத்தின் மேல் விளிம்பை இறக்குவதற்கே 50 சதவீதம் செலவாகிவிடும். விளிம்புக்கு மேலே லென்ஸ் நிற்பதற்கு மிச்சமிருப்பது 10 சதவீதம்தான். அதாவது, என் கணக்கில் ஏற்கெனவே இருந்த அதே இறக்கம். ஷிஃப்ட் 90 சதவீதத்தைத் தாண்டும் மாடல்களில்தான் ஒன்பதரை அடி சீலிங்கில் குட்டை மவுண்ட் நிம்மதி தரும். அவற்றின் விலையும் அதற்கேற்ப ஏறும்.

நாங்கள் விலையைப் பார்த்துவிட்டுக் குழாயையே ஏற்றுக்கொண்டோம். பட்டறையில் சொல்லி, 3 மி.மீ. இரும்புத் தகட்டில் நான்கு துளை போட்டு, சதுரக் குழாய் வைத்து வெல்டிங் செய்து, அடியில் கடையில் வாங்கிய மவுண்டின் தலைப்பகுதியை மட்டும் பொருத்தினோம். குட்டை மவுண்டைவிட 45 செ.மீ. இறக்கியதில் லென்ஸ் 230 செ.மீ. உயரத்துக்கு வந்தது, படம் 217.5 செ.மீ. முதல் 93 செ.மீ. வரை விழுகிறது. குழாய்க்குச் சீலிங்கின் வெள்ளையையே அடித்துவிட்டதால் இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. குட்டை மவுண்ட் தவறு என்று நான் சொல்லவில்லை. சீலிங் தாழ்ந்த வீட்டில் கணக்கு வேறு மாதிரி வரும், அத்தகைய வீடு உள்ளவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

தருமபுரி, பென்னாகரம் சாலையிலிருந்து:

கிருஷ்ணகிரி அண்ணாவின் கணக்கை எங்கள் அறையில் போட்டுப் பார்த்தேன். எங்களுக்குக் குட்டை மவுண்ட்தான் பொருந்துகிறது. தளம் ஒன்பது அடி, ஃபால்ஸ் சீலிங் போட்டதில் எட்டு இஞ்ச் போய்விட்டது, மிச்சம் 254 செ.மீ. லென்ஸ் 239 செ.மீ. உயரத்தில் நிற்கிறது, 100 இஞ்ச் படத்தின் அடி விளிம்பு 102 செ.மீ. அளவில் முடிகிறது. இதில் 45 செ.மீ. குழாய் வைத்திருந்தால் லென்ஸ் ஏழு அடிக்கும் கீழே வந்து, உயரமானவர்கள் ஒவ்வொரு முறையும் குனிந்து நடக்க வேண்டியிருக்கும்.

ஆனால் எங்களைப் படுத்தியது மவுண்ட் அல்ல, மின்விசிறி. அறையின் நீளம் 18 அடி. விசிறி சரியாக நடுவில், திரையிலிருந்து 274 செ.மீ. தூரத்தில் தொங்கியது. 1200 மி.மீ. விசிறியின் இறக்கை நடுவிலிருந்து இருபுறமும் 60 செ.மீ. நீளும் என்பதால், 214 செ.மீ. முதல் 334 செ.மீ. வரை அதன் ஆட்சிதான். எங்கள் புரொஜெக்டரின் த்ரோ விகிதம் (படத்தின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரத்தில் லென்ஸ் நிற்க வேண்டும் என்ற எண்) 1.2, படத்தின் அகலமான 221 செ.மீ. அளவை 1.2 ஆல் பெருக்கினால் 265 செ.மீ., அதாவது லென்ஸ் நிற்க வேண்டிய இடம் இறக்கைகளுக்கு நடுவே. 1.5 விகிதமுள்ள மாடலைப் பார்த்தோம், அதற்கு 332 செ.மீ. வேண்டும், அப்போது ஒளி விசிறியின் ஊடாகப் பாய்ந்து படம் முழுவதும் நிழல் சுழலும். ஆகவே விசிறியையே அகற்றி, புரொஜெக்டருக்குப் பின்னால், சோஃபாவின் தலைக்கு மேலே, திரையிலிருந்து 380 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுபோனோம். தளத்தில் புதிய ஆங்கர் கொக்கி அடித்துத்தான் அதை மாட்ட முடிந்தது. மவுண்ட் வாங்கும் முன் விசிறியின் இடத்தை அளந்துவிடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலை செய்ய வந்தவர், ஜிப்சம் போர்டுக்கு மேலே ஓடும் ஜி.ஐ. சேனலிலேயே (போர்டைத் தாங்கும் மெல்லிய தகட்டுச் சட்டம்) திருகிவிடலாம், நான்கு கிலோதானே என்று வாதாடினார். சேனல் விழாமல் நிற்கலாம். ஆனால் விசிறி சுற்றும்போதும் மாடியில் யாராவது நடக்கும்போதும் அது நடுங்கும், அந்த நடுக்கம் மூன்று மீட்டர் தள்ளித் திரையில் பெரிதாகத் தெரியும். நாங்கள் கான்கிரீட் தளத்தில் நான்கு எம்8 (8 மி.மீ. மரை) ஆங்கர் அடித்து, மரை போட்ட கம்பிகளை இறக்கி, போர்டின் துளைகள் வழியாக மவுண்டின் தகட்டை அந்தக் கம்பிகளிலேயே நட்டு போட்டு இறுக்கினோம். போர்டு இப்போது வெறும் மறைப்புதான்.

பர்கூரிலிருந்து:

எங்கள் வீட்டு அறை மேல்மாடி, மேலே வெயில் நேரடியாக விழும் தளம். ஏப்ரல், மே மாதங்களில் மாலை ஏழு மணிக்குக்கூடத் தளத்தின் அடிப்பக்கத்தில் கை வைத்தால் சூடு தெரியும். புரொஜெக்டர் கையேடுகள் பெரும்பாலும் 35 அல்லது 40 டிகிரி செல்சியஸ் வரைதான் இயக்கச் சொல்கின்றன, அறையின் சூடான காற்றோ சீலிங்கை ஒட்டித்தான் தேங்குகிறது. அதனால் குட்டை மவுண்ட் வாங்குபவர்கள் காற்றுத் துளைகளை முதலில் பார்க்க வேண்டும். சில மாடல்களில் காற்று உள்ளே போகும் வழி அடிப்பக்கத்தில் இருக்கும்; தலைகீழாக மாட்டினால் அது சீலிங்கைப் பார்த்துவிடும், இரண்டு இஞ்ச் இடைவெளியில் அதற்கு மூச்சு முட்டும்.

எந்தத் துளை எது என்று தெரியாவிட்டால், மேசை மேல் வைத்து ஓடவிட்டு, மெல்லிய டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து ஒவ்வொரு கம்பி வலையின் அருகிலும் பிடித்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் அது உள்ளிழுக்கும் பக்கம், விலகிப் படபடத்தால் வெளியேற்றும் பக்கம். எனக்குப் பக்கவாட்டில் இழுத்து முன்புறம் தள்ளும் மாடல் அமைந்ததால் குட்டை மவுண்டே போதுமானதாக இருந்தது. இருந்தாலும் கையேட்டில் சொன்ன இடைவெளியைவிடக் கூடுதலாகவே விட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகள் இருப்பதால் வெள்ளைத் தூசு அதிகம், ஃபில்டரை அடிக்கடி எடுத்துத் தட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே கை திருகுகளைத் தளர்த்தினால் புரொஜெக்டர் மட்டும் நழுவி வெளியே வரும்படியான மவுண்டைத் தேடி வாங்கினேன். சாய்மானம் தகட்டிலேயே நின்றுவிடுவதால், திரும்ப மாட்டியதும் படம் பழைய இடத்திலேயே விழுகிறது. இந்த வசதி இல்லாத மவுண்டை, விலை பாதியாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

பாலக்கோட்டிலிருந்து:

எங்கள் வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட் போடும் முன்பே இதற்கான பைப்பைப் புதைத்துவிட்டோம். எலக்ட்ரீஷியன் வழக்கம்போல் முக்கால் இஞ்ச் பைப் போதும் என்றார். ஒயர் போகும், ஆனால் படத்தையும் ஒலியையும் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிளின் தலை வளைவில் சிக்கிக்கொள்ளும் என்பதால், ஒன்றரை இஞ்ச் பைப்பும் எல்போவுக்குப் பதிலாக நீண்ட வளைவும் போடச் சொன்னேன். மின்சாரத்துக்குத் தனிப் பைப். சென்டரிங் தகட்டின் மேல் பைப்புகள் கிடந்தபோதே, டேப்பை அருகில் விரித்துப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டோம். பின்னர் ஹேமர் டிரில் பிடித்தவருக்கு அந்தப் படங்களைக் காட்டியதால், எந்தப் பைப்பும் துளைபடாமல் ஆங்கர்கள் இறங்கின.

மவுண்டோடு ஒரு பை நிறையத் திருகுகள் வரும். பல புரொஜெக்டர்களுக்கு எம்4 பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல. விட்டம் சரியாக இருந்தாலும் நீளம் அதிகமானால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைக் குத்திவிடும் என்பதால், முதலில் கையாலேயே திருகி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் வாஷர் சேர்க்க வேண்டும்.

கேபிள் பத்து மீட்டரை நெருங்கியதால் நாங்கள் ஆப்டிகல் எச்டிஎம்ஐ (கண்ணாடி இழை வழியே ஒளியாகச் சிக்னலை அனுப்பும் கேபிள்) வாங்கினோம். அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே என்றும் அச்சிட்டிருக்கும். பைப்புக்குள் இழுக்கும் முன் டிஸ்ப்ளே முனை புரொஜெக்டர் பக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாறிப்போனால் படம் வராது, முழுவதையும் உருவி மறுபடி இழுக்க வேண்டியதுதான்.